இடித்த வீட்டில் இருந்த ஓட்டு

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கெல்லாம் அம்மாவும் நானும் பெரும்பாக்கத்தில் பஸ் ஏறிவிட்டோம். எங்கள் ஓட்டு இருந்தது மத்திய சென்னையில். 2017 வரை கூவம் கரையோரம் குடியிருந்தோம். அந்த வீடுகளை இடித்தபோது இங்கே எட்டு மாடிக் குடியிருப்பில் வீடு ஒதுக்கினார்கள். ஆள் வந்துவிட்டோம், ஓட்டு வரவில்லை. 2019இலும் 2021இலும் அங்கே போய்த்தான் போட்டோம். முதல் தடவை வேன் வந்தது. யார் அனுப்பினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. டிரைவரின் துண்டைப் பார்த்தாலே தெரிந்தது. வாக்காளர்களை இப்படி இலவசமாக வண்டியில் ஏற்றிப்போவது தேர்தல் சட்டப்படி முறைகேடு என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

மூன்றாவது தடவை வேன் இல்லை. பிங்க் பஸ்ஸில் காசு இல்லாமல், ஒன்றரை மணி நேரம்.

பள்ளிக்கூட வாசலில் வரிசை. என் பெயர் பட்டியலில் இருந்தது. அம்மாவின் பெயரைத் தேடிய அலுவலர் பக்கத்தைத் திருப்பினார், திரும்ப முதலிலிருந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். அம்மா வாக்காளர் அட்டையை நீட்டினார். "அட்டை இருக்கும்மா, பேர் இல்லையே" என்றார்.

என் போனில் ஒரு ஃபார்வர்டு இருந்தது. பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி, '49ஏ' என்று சொல்லி, 'சவால் ஓட்டு' போடலாம் என்று அதில் எழுதியிருந்தது. ஏதோ சட்டமே கையில் இருக்கிற மாதிரி அதைக் காட்டிச் சத்தம் போட்டேன். தலைமை அலுவலர் எழுந்து வந்தார். பார்த்தால் ஸ்கூல் வாத்தியார் மாதிரி இருந்தார். கோபப்படவில்லை.

"இது பொய்ம்மா. சவால்னா, ஒருத்தர் ஓட்டு போட வரும்போது, இவர் அந்த ஆளே இல்லன்னு ஏஜென்ட் ரெண்டு ரூபா கட்டி ஆட்சேபணை சொல்றது. நீங்க சொல்றதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்போ '49பி'ன்னு ஒரு விதி இருக்கே சார்?"

"அது உங்க பேர்ல வேற யாரோ முன்னாடியே போட்டுட்டுப் போயிருந்தா. தனியா வாக்குச்சீட்டு கொடுத்து, கவர்ல போட்டு வைப்போம். ஆய்வுக்குரிய வாக்குன்னு பேரு. அதுக்கும் உங்க பேர் லிஸ்ட்ல இருக்கணுமே."

நான் ஓட்டு போட்டுவிட்டு வந்தேன். அம்மா வேப்பமரத்தடியில் அட்டையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் விரல் மையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் கையை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் திட்டித் தீர்த்தேன். அப்புறம் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்கத் திட்டுவது குறைந்தது. சட்டம் சொல்வது இதுதான்: பட்டியலில் பெயர் இருப்பவருக்குத்தான் ஓட்டு. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62வது பிரிவு. அட்டை நீங்கள் யார் என்று காட்டுவதற்கு மட்டும். அது தொலைந்தாலும் ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய பாஸ்புக் என்று வேறு எதையாவது காட்டி ஓட்டு போட்டுவிடலாம். பட்டியலில் பெயர் தொலைந்தால் அட்டை வெறும் பிளாஸ்டிக். வேட்புமனு தாக்கலுக்கான கடைசி நாள் முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் புதிதாகப் பெயர் சேர்க்கவும் முடியாது. அந்த வருடம் எங்களுக்கு அது மார்ச் 27. ஏப்ரல் 19 அன்று நான் போட்ட சத்தத்துக்குப் பலன் இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் சாதாரணமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் அவர் பெயர் இருக்க வேண்டும். ஏழு வருடமாக நாங்கள் அங்கே இல்லை. 'இடம்பெயர்ந்தார்' என்று அம்மாவின் பெயரை எடுத்தது உண்மைக்கு மாறானதில்லை. ஆனால் அப்படி எடுப்பதற்கு முன்னால் அவருக்குத் தகவல் சொல்லி, பதில் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22வது பிரிவு சொல்கிறது. நோட்டீஸ் அனுப்பினார்களா என்று எனக்குத் தெரியாது. அனுப்பியிருந்தாலும் எந்த வீட்டுக்குப் போயிருக்கும்? இடித்த வீட்டுக்கு. பூத் ஸ்லிப் வராததை வைத்தாவது சந்தேகப்பட்டிருக்கலாம். ஆனால் 2017க்கு அப்புறம் எங்களுக்கு ஸ்லிப் வந்ததே இல்லை. அதே காரணம்தான்.

ஏன் ஓட்டை மாற்றாமல் இருந்தோம்? சோம்பல் பாதி. மீதி அம்மாவின் பயம். 'அங்க இருந்தோம்ங்கறதுக்கு இது ஒண்ணுதான் சாட்சி. இதையும் மாத்திட்டா நாளைக்கு நாம அங்க இருந்ததே இல்லம்பான்.' எங்கள் ப்ளாக்கில் இந்தப் பயம் இல்லாத பெரியவர்கள் குறைவு. நகரத்துக்குள் திரும்பிப் போகப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிவது வேறு, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது வேறு.

அந்தப் பயத்துக்கு என்ன விலை என்று எனக்கு 2022லேயே ஒருவர் சொல்லியிருந்தார். அந்த அக்டோபர் 2 கிராம சபைக்கு நாங்கள் நாலு பேர் போனோம். எட்டு மாடிக் கட்டிடங்கள் வரிசையாக நின்றாலும் அன்றைக்கு இது ஊராட்சிதான். தெருவிளக்கு பற்றிப் பேச மூன்றாவது மாடி அக்கா எழுந்தார். இரண்டு வாக்கியம் பேசியிருப்பார். பின்னாலிருந்து ஒரு குரல்: "உன் ஓட்டு இங்க இருக்கா?" அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கும் இல்லை. கூட்டத்தில் சிரிப்பு. சொன்னவர் மேல் ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சட்டம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள்தான் கிராம சபை. ஓட்டு என்பது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை விரலில் வைக்கும் மை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தெருவிளக்கு கேட்பதற்கும் அதுதான் டோக்கன்.

அப்போதும் நான் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருடம் கழித்து, வேப்பமரத்தடியில் அம்மா உட்கார்ந்த பிறகுதான் செய்தேன்.

முதல் தவறு அங்கேயே தொடங்கியது. எல்லோருக்கும் படிவம் 6 என்று ஜெராக்ஸ் எடுத்து வந்துவிட்டேன். படிவம் 6, எங்குமே பெயர் இல்லாதவர்களுக்கு. பழைய இடத்தில் பெயர் இன்னும் இருப்பவர் அதில் கையெழுத்துப் போட்டால், வேறெங்கும் என் பெயர் இல்லை என்று பொய் உறுதி கொடுத்ததாக ஆகிவிடும். அதற்கு ஒரு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. அவருக்கு வேண்டியது படிவம் 8. 2022 ஆகஸ்டிலிருந்து இடமாற்றம், திருத்தம், தொலைந்த அட்டைக்கு மாற்று எல்லாமே அந்த ஒரே படிவத்தில்தான். தொகுதி விட்டுத் தொகுதி மாறுவதற்கும் அதுவே. இங்கே சேர்ப்பதும் அங்கே எடுப்பதும் ஒரே விண்ணப்பத்தில் முடிகிறது. நாமாக முந்திக்கொண்டு எட்டைக் கொடுத்தால் நடுவில் ஓட்டில்லாத காலம் என்று ஒன்று வராது. அம்மாவுக்கு வந்தது அதுதான்.

அதனால் படிவத்தைத் தொடுவதற்கு முன்னால் தேட வேண்டும். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் வாக்காளர் அட்டை எண்ணைப் போட்டால் பெயர் எங்கே இருக்கிறது, பட்டியலின் எந்தப் பாகம், எந்த வரிசை எண் என்று வந்துவிடும். நெட் வசதி இல்லாதவர்கள் போன் செய்து கேட்க 1950 என்ற எண். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கீழ்த்தளப் படிக்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொருவர் எண்ணாகப் போட்டுப் பார்த்தோம். மூன்று கட்டு சேர்ந்தது. பழைய இடத்தில் பெயர் இருப்பவர்கள்: படிவம் 8. எங்கும் இல்லாதவர்கள்: படிவம் 6. இரண்டு இடத்திலும் இருப்பவர்கள்: பழையதை எடுக்கச் சொல்லி அவர்களே தரும் படிவம் 7. யாரோ பணம் வாங்கிக்கொண்டு 'புது அட்டை' எடுத்துக் கொடுத்ததில் இந்த மூன்றாவது கட்டும் கொஞ்சம் பருமனாகவே இருந்தது.

இரண்டாவது தவறு, இருபத்திமூன்று படிவங்களை ஒரு பையில் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுக்கப் பார்த்தது. வாங்கவில்லை. கத்தையாகக் கொடுக்க முடியாது, ஒரே குடும்பத்து ஆட்களுடையதைச் சேர்த்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான் என்றார்கள். பொதுச்சேவை செய்ய வந்தவளைத் திருப்பி அனுப்புகிறார்களே என்று முகம் சுருங்கிப் போனது. யோசித்தால் சரியான விதி. நான் நல்லெண்ணத்தில் இருபத்திமூன்று படிவங்களைக் கொண்டுபோனால், இன்னொருவர் வேறு எண்ணத்தில், பெயர்களை எடுக்கச் சொல்லி, இருநூறு படிவம் 7களைக் கொண்டுவருவார். கட்சிகளின் பூத் ஏஜென்டுகளுக்குக்கூட ஒரு நாளைக்கு இத்தனை படிவம் என்று வரம்பு உண்டு.

அதனால் முறையை மாற்றினோம். நிரப்புவதை நாங்கள் சொல்லிக்கொடுப்பது, கொடுப்பதை அவரவர் செய்வது. கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டையோ விண்ணப்ப எண்ணையோ வாங்காமல் நகரக் கூடாது என்று மட்டும் கறாராக இருந்தோம். 'கொடுத்துட்டேன்' என்ற வாய்வார்த்தைக்குப் பின்னால் போய் அலைந்தது போதும். அந்த எண்ணை வைத்துத் தளத்தில் நிலவரம் பார்க்கலாம். நிராகரித்தால் காரணம் தெரியும். காரணம் சரியில்லை என்றால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு போகலாம். எங்களில் யாரும் அதுவரை போக வேண்டி வரவில்லை.

முகவரிச் சான்றுதான் பெரிய இழுபறி. எல்லார் கையிலும் இருப்பது ரேஷன் கார்டு. படிவத்தில் அச்சடித்திருக்கும் சான்றுகளில் அது இல்லை. ஆதார், மின்சாரம், தண்ணீர், கேஸ் பில், வங்கி பாஸ்புக், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம், இப்படிப் போகிறது அது. ஆதாரில் பழைய முகவரியே இருப்பவர்கள் வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் முகவரியை மாற்றிக்கொண்டு வந்தார்கள். எதுவுமே இல்லாதவர்கள் வீட்டு ஒதுக்கீட்டு ஆணையை வைத்தார்கள், பிஎல்ஓ, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், நேரில் வந்து பார்த்து எழுதினார். வீடே இல்லாதவருக்கும் வழி இருக்கிறது என்பது எனக்குப் புதிது. ஒருவர் எங்கே படுத்துத் தூங்குகிறார் என்று பிஎல்ஓ இரவில் ஒரு தடவைக்கு மேல் போய்ப் பார்த்து உறுதி செய்தால் போதும், காகிதம் வேண்டாம். பஸ் நிலையத்தில் பூ விற்று அங்கேயே படுக்கும் ஆயாவிடம் இதைச் சொன்னேன். "நான் தூங்கறத பாக்க ஆபீசர் வருவாராக்கும்" என்று வெகு நேரம் சிரித்தார்.

பிஎல்ஓவைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களுக்கு வந்தவர் அங்கன்வாடியில் வேலை பார்ப்பவர். காலையில் குழந்தைகள், மாலையில் எட்டு மாடி. எங்கள் சோழிங்கநல்லூர்த் தொகுதி அப்போது மாநிலத்திலேயே அதிக வாக்காளர்கள் இருந்த தொகுதி. 2021 தேர்தலிலேயே ஆறரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. இதற்கு அவருக்கு அப்போது வருடத்துக்கு 6,000 ரூபாய்தான். 2025இல்தான் அதை 12,000 ஆக்கினார்கள். கதவு பூட்டியிருந்தால் அவர் எத்தனை தடவை ஏறுவார்? 'பிஎல்ஓ வரவே இல்லை' என்று நானும் சொன்னவள்தான். அப்புறம் மாடிக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டு, அவர் வரும் நாளை முன்கூட்டியே கேட்டு வீடுவீடாகச் சொல்லிவிடத் தொடங்கினோம். டீ போட்டுக் கொடுத்தோம். எந்த மனுவும் செய்யாத வேலையை அந்த டீ செய்தது.

கட்சிக்காரர்களையும் ஒதுக்கவில்லை. இரண்டு எதிரெதிர்க் கட்சிகளின் பூத் ஏஜென்டுகளிடம் பாகத்தின் அச்சுப் பிரதி இருந்தது. இருவரிடமும் கேட்டோம், இருவரும் கொடுத்தார்கள். ஒருவரிடம் மட்டும் வாங்கியிருந்தால் பாதி ப்ளாக் எங்கள் படிக்கட்டுப் பக்கமே வந்திருக்காது. அச்சுப் பட்டியலை வைத்துக்கொண்டால் கடைசியில் இருக்கும் துணைப் பட்டியலை முதலில் பாருங்கள். நீக்கப்பட்டவர்களின் பெயர்கள் காரணத்தோடு அங்கே இருக்கும். இறந்தவருக்கு ஓர் எழுத்து, இடம்பெயர்ந்தவருக்கு ஓர் எழுத்து, இரட்டைப் பதிவுக்கு ஓர் எழுத்து. உயிரோடு முன்னால் நிற்பவரின் பெயரை அந்தப் பக்கத்தில் பார்ப்பது ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

பதினெட்டு முடிந்த பிள்ளைகளைச் சேர்ப்பதுதான் எளிதாக முடிந்த வேலை. இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று வருடத்துக்கு நான்கு தகுதி நாட்கள். பதினேழு முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்.

அம்மாவின் பெயர் அந்த வருட முடிவுக்குள் இங்கே வந்துவிட்டது. படிவம் 6. கையெழுத்துப் போடும் முன் பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. என்னுடையதை எட்டில் மாற்றிக்கொண்டேன். அடுத்து நடந்த கிராம சபையில் மூன்றாவது மாடி அக்கா எழுந்ததும் தன் பாக எண்ணையும் வரிசை எண்ணையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் விளக்கைப் பற்றிப் பேசினார். யாரும் கேட்கவே இல்லை. இருந்தாலும் சொன்னார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். 2025 நவம்பர் 4 அன்று வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீட்டுக்கு வீடு கணக்கெடுப்புப் படிவம், இரண்டு பிரதி, ஒன்று நமக்கு ஒப்புகையாகத் திரும்பி வரும். அந்தக் கட்டத்தில் ஆவணம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் 2002, 2005இல் நடந்த முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் நம் பெயரோ, அப்பா அம்மா பெயரோ எங்கே இருந்தது என்று குறிக்க ஒரு கட்டம் இருந்தது. ஒரே ஊரில் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு அது ஐந்து நிமிட வேலை. எங்களுக்கோ அன்றைய வீடு இல்லை, தெரு இல்லை. 2008 தொகுதி மறுசீரமைப்பில் பூங்கா நகர், புரசைவாக்கம் என்ற சட்டமன்றத் தொகுதிகளே போய்விட்டன. 'நீங்க எந்தத் தொகுதி?' என்றால் ஆளாளுக்கு இன்றைய பெயரைச் சொல்லுவார்கள், அங்கே தேடினால் கிடைக்காது. முதலில் ஒரு மாதம் என்றார்கள், கடைசியில் டிசம்பர் 14 வரை நீட்டினார்கள். எங்கள் மாதிரி ஜனங்களுக்கு அது போதாத காலம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் இல்லை. 6 கோடியே 41 லட்சத்தில் அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இறந்தவர்கள், இரட்டைப் பதிவுகள் போக, 'குடிபெயர்ந்தார்' என்பதில்தான் பெரும்பகுதி. அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு வேப்பமரம் ஞாபகம் வரும்.

நாங்கள் தப்பித்ததற்குக் காரணம் அந்த ஞாயிற்றுக்கிழமைப் படிக்கட்டுதான். யார் எங்கே இருந்தார்கள் என்ற நோட்டு ஏற்கெனவே எங்களிடம் இருந்தது. பழைய பட்டியலைத் தெருப் பெயரை வைத்து, பாகம் பாகமாகத் திறந்து தேடினோம். ஒரு குடும்பம் கிடைத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அதே பக்கத்தில் கிடைத்துவிடுவார்கள். என் பெயர் அதில் இருக்காது, எனக்கு அப்போது வயது வரவில்லை. அம்மாவின் விவரத்தை என் படிவத்தில் எழுத வேண்டும்.

ஒரு ராத்திரி, மணி பத்து இருக்கும், எங்கள் தெருவின் பக்கம் போனில் திறந்தது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டும் எழுத்து தெரியவில்லை, படி என்றார். கதவு எண் ஒன்றிலிருந்து படித்தேன். பெயர், அப்பா பெயர் அல்லது கணவர் பெயர், வயது. ஒவ்வொரு பெயருக்கும் அம்மா ஏதோ சொன்னார். இவன் மீன்பாடி வண்டி ஓட்டினவன். இது நமக்கு அரிசி கடன் கொடுக்கும். இவர் போயிட்டாரு. எங்கள் வீட்டு எண்ணில் அப்பா பெயர், அதற்குக் கீழே அம்மா பெயர், வயது முப்பத்திரண்டு. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆயா வந்து உட்கார்ந்தார். அப்புறம் மூன்றாவது மாடி அக்கா. திரும்பவும் முதலிலிருந்து படிக்கச் சொன்னார்கள்.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா இருபது ரூபாயை நீட்டினார். "அந்தப் பக்கத்த மட்டும் ஒரு பிரின்ட் போட்டுக் கொண்டாயேன்." கொண்டுவந்து கொடுத்தேன். வீட்டு ஒதுக்கீட்டு ஆணை இருக்கும் பிளாஸ்டிக் கவரில், அதற்கு மேலாக வைத்து மூடினார்.